காணிக் கச்சேரிக்கு ஆயத்தப்படுத்துகிறவர்

வன்னியில் யானை இருக்கிறது, கரடி இருக்கிறது, மாரியில் குளக்கட்டில் ஏறிப் படுக்கும் முதலையும் இருக்கிறது. அவற்றைப் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் இங்கே அறிமுகம் செய்யப்போவது, கடித்ததாக இதுவரை எவரும் முறையிடாத இன்னோர் இனத்தை. வளவாளர்.

வளவாளர் என்றால் யார் என்று கேட்கிறீர்களா? அப்படியானால் போர் முடிந்த பிறகு வன்னியில் எந்தவொரு பொதுநோக்கு மண்டபத்துக்குள்ளும் கால் வைக்காத பாக்கியசாலி நீங்கள். மனித உரிமை, பெண்ணுரிமை, சிறுவர் உரிமை, காணி உரிமை, தகவல் அறியும் உரிமை என்று மாதம் ஓர் உரிமையை ஏதாவதோர் ஊரில் கொண்டுவந்து இறக்குவார்கள். செயலமர்வு என்று அதற்குப் பெயர். இறக்கிய உரிமையைச் சனத்துக்கு அவிழ்த்துக் காட்டுவதற்கு ஒருவர் வருவார். அவர்தான்.

அடையாளம் காண்பது சுலபம். முதுகுப் பையில், எப்போதோ எங்கோ நடந்த மாநாடொன்றின் பெயர் பாதி அழிந்த நிலையில் இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை. அதைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது எனக்குத் தெரியாது. கையில் சுருட்டிய பெரிய டிமைத் தாள்கள், சட்டைப்பையில் நான்கு நிறத்தில் மாக்கர் பேனைகள், மணிக்கட்டில் காப்புப்போல ஒட்டும் ரேப். ஒன்பது மணிக்கென்று அறிவித்த நிகழ்ச்சிக்குப் பத்தரைக்கு வந்திறங்கி, எட்டரையிலிருந்து வேப்பமரத்தடியில் குந்தியிருக்கும் சனத்தைப் பார்த்து, "நேர முகாமைத்துவம் எண்டது எங்கள் ஒவ்வொருத்தரிட்டையும் இருந்துதான் துவங்கவேணும்" என்று சொல்லும் துணிவு உலகத்தில் வேறெந்த உயிருக்கும் கிடையாது.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் நம்பமாட்டீர்கள். ஒரு மாதிரியைப் பிடித்துக் காட்டுகிறேன். பெயர் யோகநாதன். முரசுமோட்டைக்காரர். அவருடைய அப்பப்பா யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து வயல் செய்தவர். அவருக்கு மூன்று ஏக்கரும் அதற்குப் பேர்மிற் என்கிற அரச அனுமதிப்பத்திரமும் கிடைத்தன. ஒரு செயலமர்வுக்கும் போகாமலே கிடைத்தன. அதை யோகநாதன் எங்கும் சொல்வதில்லை, நான்தான் சொல்கிறேன்.

கெட்ட மனிதரல்ல. இதை இப்போதே எழுதிவைக்கிறேன், ஏனென்றால் பிறகு எனக்குக் கோபம் வந்துவிடும், எழுத மறந்துபோவேன். எவரையும் ஏசமாட்டார். குழந்தைகளைக் கண்டால் இனிப்புக் கொடுப்பார். பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு மனுசியின் பெயரையும் பாடமாக்கி, பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவருக்கு ஒரேயொரு நோய்தான். மனிதர்களை எதற்காவது ஆயத்தப்படுத்திக்கொண்டே இருக்கவேண்டும். அவர்கள் ஆயத்தமாகிவிட்டார்கள் என்று மட்டும் அவருக்கு ஒருநாளும் தோன்றுவதில்லை.

நான் எப்படி அவரோடு சேர்ந்தேன் என்கிறீர்களா? அவரை அனுப்பும் நிறுவனத்தில் அறிக்கை எழுதுபவனாக. அதாவது, மண்டபத்தின் கடைசிக் கதிரையில் இருந்து நடந்தவற்றைக் குறித்து, பிறகு நடந்திருக்கவேண்டியவற்றை எழுதுகிற வேலை.

கனகராயன்குளத்தில் ஏ-ஒன்பது வீதியை விட்டு இறங்கி, கிரவல் பாதையால் உள்ளே போனால் ஓர் ஊர் வரும். எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்து, காடு வெட்டி, கிணறு கிண்டி இருந்துவிட்ட சனம். போரில் எல்லோரோடும் ஓடி, எல்லோரோடும் முகாமில் இருந்து, திரும்பி வந்து மறுபடி காடு வெட்டிய சனம். இருக்கும் நிலத்துக்குக் கடுதாசி மட்டும் இல்லை. கடுதாசி இல்லையென்றால் வீட்டுத்திட்டத்துக்குப் பெயர் கொடுக்க முடியாது, கிணறு கட்டக் கடன் எடுக்க முடியாது, நாளைக்கு ஒருவன் வந்து எல்லைக்கல் நட்டுவிட்டு இது என்னுடையது என்றால் எதைக் காட்டி மறுப்பது? ஆகவே அந்த ஊரைக் கண்டதும் எங்கள் நிறுவனத்துக்கு மிகவும் பிடித்துப்போனது. காணி உரிமைச் செயலமர்வு என்று திகதி குறித்தோம். ஒரு வியாழக்கிழமை.

அந்த ஊரவரை அதே வியாழக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் பிரதேச செயலகத்தில் காணிக் கச்சேரிக்கு அழைத்திருந்தார்கள்.

காணிக் கச்சேரி என்பது சங்கீதக் கச்சேரி அல்ல. காணி கேட்பவர்களை அதிகாரிகள் ஒருநாள் கூப்பிட்டு, ஒவ்வொருவராகப் பெயர் வாசித்து, எத்தனை வருடமாக இருக்கிறாய், என்ன ஆதாரம், எத்தனை பிள்ளைகள் என்று நேரில் விசாரிக்கும் நாள். பெயர் வாசிக்கும்போது ஆள் நிற்கவேண்டும், கையில் ஆவணங்கள் இருக்கவேண்டும். நின்றால் பெயர் பட்டியலில் நிற்கும். இல்லையென்றால் இல்லை. அடுத்தது எப்போது வைப்பார்கள் என்று வைப்பவர்களுக்கே தெரியாது. இந்த ஊருக்கு இது முதல் தடவை.

"பன்ரண்டரைக்கு முடிச்சு விட்டிடுவம்" என்று யோகநாதன் மாதர் சங்கத் தலைவி விமலேஸ்வரிக்குச் சொல்லியிருந்தார். தலைவி அதை வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார். அத்தோடு எங்கள் அழைப்புக் கடிதத்தில் ஒரு வரியும் இருந்தது: காணி தொடர்பான சகல மூல ஆவணங்களையும் கட்டாயம் கொண்டுவரவும். சனம் சந்தோசப்பட்டது. ஒரே பொதியோடு இரண்டு இடத்துக்கும் போகலாம் அல்லவா?

இனிச் சடங்குகள். வந்தவர்கள் வாசலில் கையெழுத்து வைத்தார்கள். கையெழுத்தோடு ஆவணங்களையும் வாங்கி, ஆளுக்கொரு ஃபைலில் போட்டு, வளவாளரின் மேசையில் அடுக்கினோம். வாங்கி அடுக்கியவன் நான். ஆவணப் பயிற்சிக்கு வேண்டும் என்று சொன்னார். குடும்ப அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பதிவு, கிராம சேவகரின் கடிதம், வாக்காளர் இடாப்புப் பிரதி, முகாமில் தந்த மஞ்சள் துண்டு என்று இருபத்தாறு குடும்பங்களின் முழு வாழ்க்கையும் ஓரடி உயரத்துக்கு வந்தது.

பிறகு அறிமுக விளையாட்டு. வட்டமாக நின்று, பெயரின் முதலெழுத்தோடு ஓசை ஒத்த காய்கறி ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். அவரைக்காய் அமராவதி. விளாங்காய் விமலேஸ்வரி. எழுபத்தொரு வயதான வீரையா, நாலு தரம் இடம்பெயர்ந்தவர், மிதிவெடி அகற்றாத காட்டில் விறகு வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர், நடுவில் நின்று வெட்கத்தோடு "வெண்டிக்காய்ங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இதனால் கூச்சம் போய்விடும் என்பது வளவாளர்களின் நம்பிக்கை. கூச்சம் எங்கே போனது? அதுவரை அவருக்கு இல்லாத கூச்சமெல்லாம் அந்த நிமிடத்தில்தான் வந்தது.

பிறகு ஒழுங்குவிதிகள். அவற்றை வளவாளர் தானாகச் சொல்லமாட்டார், அது சர்வாதிகாரம். சனத்தின் வாயிலிருந்து வரவேண்டும். ஆகவே வரும்வரைக்கும் விடமாட்டார். "தொலைபேசியை என்ன செய்யவேணும்?" என்பார். "நிப்பாட்டணும்" என்பார்கள். "அருமை! இடையிலை எழும்பிப் போறது சரியோ, பிழையோ?" என்பார். "பிழை" என்பார்கள், பள்ளிக்கூடத்துப் பழக்கத்தில். அதை நீலத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி, "பாருங்கோ, இது நான் போட்ட சட்டமில்லை. நீங்களே உங்களுக்குப் போட்டது" என்பார்.

பிறகு எதிர்பார்ப்புகள். இன்றைய நாளிலிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள்? அமராவதி எழுந்தார். ஐந்து வயதில் தாயின் இடுப்பில் இருந்து இந்தக் காட்டைப் பார்த்தவர். இப்போது ஐம்பத்திரண்டு. கணவர் கடைசிச் சண்டையில் இறந்துபோனார். முக்கால் ஏக்கர், ஒரு தகரக் கொட்டில், இருபது தென்னை. அதில் ஏழு மரத்தை யானை சாப்பிட்டுவிட்டது.

"எங்க காணிக்குப் பேர்மிற் வேணும் சேர்" என்றார்.

யோகநாதன் திரும்பி, டிமைத் தாளில் அழகான எழுத்தில் எழுதினார்: காணிச் சட்டம் தொடர்பான அறிவு மேம்படல்.

"சரிதானே அம்மா?"

"சரிங்க. ஆனா ரெண்டு மணிக்கு நாங்க அங்க நிக்கணும். பேரு கூப்பிடுவாங்க. எத்தன மணிக்கு விடுவீங்க?"

"மிகவும் அருமையான கேள்வி!" என்றார் யோகநாதன். வளவாளர் ஒரு கேள்வியை அருமை என்று புகழ்ந்தால் அதற்குப் பதில் வராது என்பது பொருள். "ஆனா இது இப்ப எங்கடை தலைப்புக்குள்ளை வராது. அதுக்காக நாங்கள் அதைத் தட்டிக் கழிக்கிறேல்லை. தரிப்பிடத்திலை விடுவம்."

தரிப்பிடம் என்றால் சுவரில் ஒட்டிய இன்னொரு தாள். தலைப்புக்கு வெளியே வரும் கேள்விகளை அதில் எழுதி நிறுத்திவைப்பார்கள். நான் பார்த்த அறுபது எழுபது செயலமர்வுகளில் அதில் நிறுத்திய கேள்வி எதுவும் திரும்பப் புறப்பட்டதில்லை. முடிந்ததும் தாளைச் சுருட்டுவார்கள். சுருட்டிய தாள்கள் எங்கள் அலுவலக அலுமாரிக்கு மேலே இருக்கின்றன. வன்னி மக்களின் உண்மையான கேள்விகளையெல்லாம் ஒரே இடத்தில் படிக்க விரும்பும் ஆராய்ச்சியாளர்கள் அந்த அலுமாரிக்கு ஏணி வைத்து ஏறலாம்.

அமராவதியின் கேள்வி சிவப்பில் ஏறியது: நேரம்? அவ்வளவுதான்.

அதன் பிறகு யோகநாதன், "நான் படிப்பிக்க வரேல்லை, உங்களிட்டைப் படிக்க வந்தனான்" என்று சொல்லிவிட்டு ஒன்றேகால் மணித்தியாலம் பேசினார். உலக மனித உரிமைகள் பிரகடனம் எந்த ஆண்டில் வந்தது, அதில் எத்தனை உறுப்புரைகள், பதினேழாம் உறுப்புரை ஆதனம் என்கிற சொத்தைப் பற்றி என்ன சொல்கிறது. பதினேழு, பதினேழு என்று எல்லோரையும் திருப்பிச் சொல்லவைத்தார். பின்னர் குழுக்களாகப் பிரித்து உரிமை மரம் வரையச் சொன்னார். வேரில் காரணங்கள், அடிமரத்தில் பிரச்சினை, இலைகளில் விளைவுகள். வீரையா குழுவில் பெரிய வாக்குவாதம் ஒன்று வந்து, ஓடிப்போய்ப் பார்த்தேன். பாலை மரமா, முதிரை மரமா என்பதுதான் வழக்கு. "பாலைனா எல இப்புடி இருக்காது" என்று வீரையா இலையைத் திருத்திக்கொண்டிருந்தார். காரணமும் விளைவும் எழுத அந்த மரத்தில் இடமே இருக்கவில்லை. அவ்வளவு அழகான பாலை.

பன்னிரண்டே முக்காலுக்குச் சோற்றுப் பார்சல் வந்தது. பார்சலின் மணத்தோடு சனம் அசையத் தொடங்கியது. அமராவதி மறுபடி எழுந்தார்.

"சேர், ஃபைலத் தந்தீங்கன்னா நாங்க கெளம்பிருவோம். சாப்பாடு வேணாங்க."

இந்த இடத்தில் யோகநாதனின் முகத்தில் ஓர் ஒளி வந்தது. அதை நான் முன்பும் பார்த்திருக்கிறேன். எவரோ ஒருவருக்கு நல்லது செய்யப்போகிறார் என்று பொருள்.

"அம்மா, உங்களுக்கு இண்டைக்குக் காணிக் கச்சேரி எண்டு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுறன். எந்த ஆயத்தமும் இல்லாமல் உங்களை அங்கை அனுப்பினா அது நான் உங்களுக்குச் செய்யிற அநியாயம். என்ரை மனச்சாட்சி விடாது. சாப்பாட்டுக்கு முதல் ஒரு சின்னப் பயிற்சி. இருபது நிமிசம். நாங்கள் இங்கையே ஒரு மாதிரிக் காணிக் கச்சேரி வைப்பம்!"

வாசகரே, இந்தத் தர்க்கத்தைக் கொஞ்சம் நின்று ரசியுங்கள். ஏழு மைற்கட்டை தூரத்தில் உண்மையான காணிக் கச்சேரி இன்னும் ஒரு மணித்தியாலத்தில் தொடங்கப்போகிறது. அதற்குப் போகவிடாமல், அதற்கு எப்படிப் போவது என்று காட்டுகிறார். இதை ஒரு பொல்லாதவன் செய்திருந்தால் சனம் ஏசிவிட்டுப் போயிருக்கும். நல்லவர் செய்தால் என்ன செய்வது? சிரித்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அமராவதி தலைவியைப் பார்த்தார். விமலேஸ்வரி, "கொஞ்சம் பொறுங்க அக்கா. எடையில போனா நம்ம ஊரப் பத்தி என்ன நெனப்பாங்க?" என்று மெல்லச் சொன்னார்.

மண்டபத்தின் முன்னால் மேசை இழுத்துப் போடப்பட்டது. காணி அதிகாரியாக யோகநாதன். பெயர் கூப்பிடும் பியோனாக வீரையா. அவருடைய சட்டையில் 'பியோன்' என்று எழுதி ரேப்பால் ஒட்டினார்கள். விண்ணப்பதாரியாக அமராவதி. மீதிப்பேர் அவதானிகள். அமராவதியின் கண், கை, குரல் ஆகியவற்றை அவதானித்துக் குறிக்கவேண்டும். எனக்கும் ஒரு வேலை தந்தார்: நேரம் பார்ப்பது. என் கையில் மணிக்கூடு இருந்தது. ஒன்று ஐந்து.

"அமராவதி! அமராவதி! அமராவதி!" என்று வீரையா கூப்பிட்டார். மூன்றடி தூரத்தில் நின்றவரை.

யோகநாதன் நல்ல நடிகர். கதிரையில் சாய்ந்து, கண்ணை மேலே தூக்காமல், "ஏன் பிந்தி வந்தனீர்?" என்று அதட்டினார்.

"நான் பிந்தலீங்க. இன்னும் போகவே இல்லீங்க."

சனம் சிரித்தது. யோகநாதன் கதாபாத்திரத்தை விட்டு வெளியே வந்து, "அம்மா, பகிடி விடக்கூடாது, அதிகாரியின்ரை கண்ணைப் பாத்துக் கதைக்கவேணும். திருப்பி முதலிலை இருந்து" என்றார்.

திருப்பிச் செய்தார்கள். குரல் போதாது என்றார். திருப்பிச் செய்தார்கள். பதினேழாம் உறுப்புரையைச் சொல்லவில்லை என்றார். மணி ஒன்று முப்பத்தைந்து. நான் கையை உயர்த்தி மணிக்கூட்டைக் காட்டினேன். "நல்லாப் போகுது, குழப்பவேண்டாம்" என்று அவரும் கையைக் காட்டினார். நான் கையை இறக்கினேன். அதையும் எழுதத்தான் வேண்டும். இறக்கினேன்.

நான்காம் தடவை.

"இந்தக் காணியிலை எத்தினை வரிசமா இருக்கிறீர்?"

"நாப்பத்தேழு வருசம்."

"அதுக்கு என்ன ஆதாரம்?"

"ஒங்க கைக்குக் கீழ இருக்கு."

அடுக்கின் மேல் யோகநாதன் முழங்கையை ஊன்றியிருந்தார். மேலிருந்து மூன்றாவது ஃபைல் அமராவதியுடையது. அவர் முன்னால் வந்து அதன் ஓரத்தைப் பிடித்தார்.

"இதெல்லாம் எடுத்துக்கொண்டு போகேலாது. நாளைக்கு வாரும்!" என்று அதிகாரி சீறினார். பயிற்சியின் உச்சக்கட்டம் இதுதான். இங்கே விண்ணப்பதாரி மனந்தளராமல் தன் உரிமையை எடுத்துச் சொல்லவேண்டும் என்பது நிகழ்ச்சித் திட்டம்.

அமராவதி கண்ணைப் பார்த்தார். குரலும் போதுமாக இருந்தது. வெளியே வேப்பமரத்துக் காகம் எழுந்து பறந்தது.

"நாளைக்கு எதுக்கு வரணும்? எம்பேரு, எம்புள்ளங்க பேரு, செத்துப்போன எம்புருசன் பேரு எல்லாம் இதுக்குள்ள இருக்கு. நாப்பத்தேழு வருசமா நாளைக்கு வா, நாளைக்கு வான்னுதான் சொல்றீங்க. இன்னைக்கு எம்பேரக் கூப்பிடப் போறாங்க. அங்க நான் நிக்கணும். நீங்க தராட்டி நானே எடுத்துக்கிறேன். கைய எடுங்க."

யோகநாதன் கையை எடுத்தார். அமராவதி ஃபைலை உருவி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் வாசலால் வெளியே போனார்.

மண்டபம் அதிரக் கைதட்டல். யோகநாதன் எழுந்து நின்று தட்டினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை. "பாத்தீங்களோ? இதுதான் வலுவூட்டல்! காலமை வாய் திறக்கப் பயந்த அம்மா! என்ன தத்ரூபம்! வெளியாலை போற காட்சியைக்கூட அவா தானாச் சேர்த்தவா!" என்றார். பிறகு வாசலைப் பார்த்து, "சரி அம்மா, உள்ளுக்கு வாங்கோ, உங்கடை அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளுவம்" என்று கூப்பிட்டார்.

வெளியே ஸ்கூட்டி ஒன்று கிளம்பியது. அமராவதியின் மகள் ராஜினி ஒரு மணியிலிருந்து மரத்தடியில் காத்து நின்றிருக்கிறாள். "எவ்வளவு நேரமம்மா! கெதியா ஏறுங்கோ!" என்ற அவளுடைய குரல் கேட்டது. கிரவல் தெறிக்கும் சத்தம் கேட்டது.

யோகநாதன் இரண்டு நிமிடம் காத்திருந்தார். வரவில்லை. "பாத்திரத்திலை இருந்து வெளியாலை வாறதுக்குக் கொஞ்ச நேரம் எடுக்கும்" என்று எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருவராக மலசலகூடத்துக்குப் போகத் தொடங்கினார்கள். போகும் வழியில் மேசையில் குனிந்து எதையோ எடுத்தார்கள். மலசலகூடத்துக்குப் போன எவரும் திரும்பவில்லை. தலைவி விமலேஸ்வரியும், ஊரின் நற்பெயரைப் பற்றி யோசித்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் மலசலகூடத்துக்குப் போனார். இரண்டு மணிக்கு மண்டபத்தில் மிஞ்சியவர்கள் ஒன்பது பேர். வீரையா அதில் ஒருவர்.

அவர் ஏன் போகவில்லை? பிறகு கேட்டேன். "எப்புடிங்க போறது? எனக்கு ஒரு வேல குடுத்திருந்தாங்களே" என்றார். எழுபத்தொரு வயது வரைக்கும் எவரும் அவருடைய சட்டையில் ஒரு பதவியை ஒட்டியதில்லை. அதை ஒட்டிக்கொண்டு சபையின் நடுவால் எழுந்து ஓடுவது மரியாதையா? அவர் நின்றார். ஒழுங்காகப் பெயர்களைக் கூப்பிட்டார். மூன்று மணிக்குப் பதாகையைப் பிடித்துக்கொண்டு குழுப்படத்துக்கும் நின்றார்.

இரண்டே காலுக்குப் பிரதேச செயலகத்தில் அவருடைய பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மூன்று தரம். தன் விசாரணையை முடித்துவிட்டு வாங்குப் பலகையில் இருந்த அமராவதி எழுந்து, "அவரு வருவாருங்க, கொஞ்சம் பொறுங்க" என்றிருக்கிறார். எங்கே நிற்கிறார் என்று கேட்டிருக்கிறார்கள். "காணி உரிமை படிக்கிறாருங்க" என்றிருக்கிறார். விளையாடுகிறாள் என்று அவர்கள் நினைத்திருக்கவேண்டும். வேறென்னதான் நினைப்பார்கள்? சமுகமளிக்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்கள்.

அமராவதியின் பெயர் பட்டியலில் நிற்கிறது. வீரையாவின் பெயர் இல்லை. இருவருக்கும் இடையில் ஒரு வேலிதான், கிணறும் ஒன்றுதான். எனக்குக் கோபம் வரும் என்று முதலிலேயே சொன்னேன். இது அந்த இடம்.

அறிக்கை எழுதுகையில் யோகநாதன் பக்கத்தில் இருந்து சொல்லச் சொல்ல எழுதினேன். பங்குபற்றியோரில் பதினேழு பேர் இடையில் வெளியேறினர்; காரணம் விழிப்புணர்வு போதாமை; தீர்வு இரண்டு நாள் வதிவிடப் பயிற்சி. நான்கு மாதம் கழித்து அமராவதிக்குப் பேர்மிற் வரப்போகிறது என்று தெரிந்ததும் அவருடைய படத்தோடு 'வெற்றிக் கதை' ஒன்றும் எழுதினோம். செயலமர்வினால் வலுவூட்டப்பட்ட பெண். அது முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. செயலமர்விலிருந்து வெளியேறும் பலம் அவருக்குச் செயலமர்வினால்தானே வந்தது? காணிக் கச்சேரியைத் தவறவிட்ட ஒன்பது பேருக்கும் யோகநாதன் இப்போது விசேட செயலமர்வு ஒன்றைத் திட்டமிடுகிறார். தலைப்பு: அடுத்த காணிக் கச்சேரிக்கு ஆயத்தமாதல். சிரிக்காதீர்கள். மனிதர் இரவு பகலாக உழைக்கிறார்.

போன கிழமை வீரையா சைக்கிளில் என் வீட்டுக்கு வந்தார். மேன்முறையீடு கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம். கடைசித் திகதி இந்தக் கிழமை வெள்ளி.

"தம்பி, நீங்கதான் நல்லா எழுதுவீங்களே. ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க. ஒரு பக்கம் போதும்னாங்க."

"ஓம் ஐயா, கட்டாயம் எழுதித் தாறன்" என்றேன். அவரை இருத்தி, தேத்தண்ணீர் கொடுத்து, எந்தத் தோட்டத்தில் பிறந்தார், எந்த லொறியில் வந்தார், எந்தக் குண்டில் எந்தப் பிள்ளை போனது என்று எல்லாம் கேட்டுக் குறித்தேன். அவர் சொல்லி அழுதார். நானும் அழுதேன். அவர் போனதும் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஆனால் வளவாளர், பியோன், மாதிரிக் கச்சேரி, மலசலகூடம் என்று விடயம் இவ்வளவு நன்றாக அமைந்திருக்கையில், ஒரு பக்கக் கடிதத்தில் அதை வீணாக்கலாமா? ஆகவே இதை எழுதினேன். கடிதம் இன்னும் எழுதவில்லை. இன்று வியாழன்.

ஏசுங்கள். ஆனால் ஏசும்போதே உங்களையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்வளவு நேரம் இதை வாசித்திருக்கிறீர்கள். யோகநாதனைக் கண்டதும் 'எங்களுடைய பக்கத்திலும் ஒருவர் இருக்கிறார்' என்று நினைத்துச் சிரித்திருக்கிறீர்கள். வீரையாவின் இடத்தில் நாக்கால் ஒரு 'ச்சு' கொட்டியிருக்கிறீர்கள். கடுதாசி இல்லாத காணியைப் பற்றி இப்போது உங்களுக்கு நிறையத் தெரியும். நெஞ்சு இலேசாகக் கனக்கிறது. கூடவே, நாங்களும் ஏதோ செய்துவிட்டோம் என்று ஒரு சுகமும் இருக்கிறது, இல்லையா? யோகநாதனுக்கும் அந்தச் சுகத்தில்தான் தொடங்கியது.

வாசற் படலையில் சைக்கிள் மணி கேட்கிறது. வீரையாவாகத்தான் இருக்கும். நீங்கள் சும்மாதானே இருக்கிறீர்கள், ஒருக்கால் போய்ச் சொல்லிவிடுங்கள்: தம்பி உள்ளே எழுதிக்கொண்டிருக்கிறார், குழப்பவேண்டாமாம்.